திங்கட்கிழமை ஓடுவதில்லை

பெங்களூரில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஞாயிறுதான் லாங் ரன், அதாவது வாரத்திலேயே நீண்ட தூரம் ஓடும் நாள். கப்பன் பார்க்குக்குள் அன்று வண்டிகளை விடுவதில்லை, சாலைகளும் காலியாகக் கிடக்கும், அலுவலகமும் இல்லை. அதனால் திங்கட்கிழமை தானாகவே ஓய்வு நாளாகிவிடுகிறது. எங்கள் அல்சூர் குழுவிலும் அதே வழக்கம்தான். எந்த ஷூ நல்லது, எந்த வாட்ச் சரியாகக் காட்டுகிறது, லால்பாக் மேட்டில் எப்படி ஏறுவது என்று மணிக்கணக்கில் பேசுவோம். ஓடாத நாளில் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் "சும்மா ரெஸ்ட்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பல வருடங்களாக இவர்களோடு ஓடிப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: செவ்வாய் முதல் ஞாயிறு வரை கால் எப்படி இருக்கும் என்பது திங்கட்கிழமையில்தான் இருக்கிறது. அதனால் அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதைத் தாங்குகிற தசை, தசைநாண், எலும்பு மூன்றும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. தசை ஓரிரு நாளில் சமாளித்துக்கொள்ளும். தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண் மெதுவானது. கடுமையாக ஓடிய பிறகு முதல் ஒன்றரை நாள் வரை அதில் கொலாஜன் என்கிற புரத நார் சிதைவதுதான் அதிகம், புதிதாக உருவாவது குறைவு. அதற்குப் பிறகுதான் கட்டும் வேலையின் கை ஓங்கும். எலும்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். இதயமும் நுரையீரலுமோ சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. புதிதாக வருகிறவர்களுக்குச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். மூச்சு வாங்குவது நின்றுவிடும், இன்னும் ஓடலாம் என்று மனசு சொல்லும், முழங்காலுக்குக் கீழே இருப்பவை அதற்குத் தயாராகியிருக்காது.

திங்கட்கிழமை செய்தது சரியா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. செவ்வாய் விடியற்காலை மாடிப்படியில் இறங்கும்போது தொடை என்ன சொல்கிறது என்று கவனிப்பேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. கைப்பிடியைத் தேடாமல் இறங்க முடிந்தால் முந்தைய நாள் ஓய்வு உண்மையிலேயே ஓய்வாக இருந்திருக்கிறது.

நான் அன்று தவறாமல் செய்வது நடை. தனியாக இல்லை, என் மாமியாரோடு. "இன்னைக்கு உனக்கு ஓட்டம் கிடையாதுல்ல, என்கூட ஏரிக்கரைக்கு வாம்மா" என்று அத்தை ஒருநாள் கூப்பிட்டதில் ஆரம்பித்தது. அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முட்டி வலியும் உண்டு. திருவள்ளுவர் சிலைப் பக்கமிருந்து ஏரியை ஒட்டிப் போய்த் திரும்புவோம். நடுவில் கீரைக்காரம்மாவிடம் விலை கேட்பார், தெரிந்தவர்களிடம் நலம் விசாரிப்பார், ஒரு திண்டில் உட்காருவார். ஓடுகிறவர்கள் தனியாக நடக்கப் போனால் பாதி வழியில் வேக நடையாகிவிடும், கை தானாக வாட்சைப் பார்க்கும். அத்தையோடு போனால் அதற்கு இடமே இல்லை. கெண்டைக்கால் இதமாகச் சுருங்கி விரிகிறது, ரத்தம் மேலே ஏறுகிறது, மூட்டு இளகுகிறது. ஓய்வு நாளுக்கு அவ்வளவு நடை போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று குழுவில் எல்லோரிடமும் சொல்கிறேன். அவர்களுக்கும் நடை கிடைக்கும், உங்களுக்கும் சரியான வேகம் கிடைக்கும்.

முழுக்க அசையாமல் கிடப்பதும் இந்த ஊரில் எளிதாக நடந்துவிடுகிறது. அவுட்டர் ரிங் ரோட்டில் கேப்பில் ஒன்றரை மணி நேரம் முழங்காலை மடக்கியபடி உட்கார்ந்து, இறங்கியதும் எட்டு மணி நேரம் நாற்காலி, திரும்ப அதே பயணம். ஞாயிறு நீண்ட தூரம் ஓடிய கால்களுக்கு இதைவிடக் கெட்டது குறைவு. மெட்ரோவில் போக வழியிருப்பவர்கள் திங்கட்கிழமையாவது அதில் போகலாம். நின்றும் நடந்தும் போகிற பயணம் அது. கேப்தான் கதி என்றால் அலுவலகத்தில் முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வாருங்கள். நான் அலுவலகத்தில் சின்ன பாட்டில் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

இனி சைக்கிள். ஓட்டத்துக்கு மாற்று என்று எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். அதில் உண்மையும் இருக்கிறது. காலில் அடி விழாது, தொடைக்கு வேலை கிடைக்கும், மூச்சும் பழகும். ஆனால் இங்கே சைக்கிள் என்றாலே நந்தி மலை என்றாகிவிட்டது. விடிவதற்கு முன் கிளம்பி, ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர் போய், கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சிக்கு ஏறிவிட்டு, "இன்னைக்கு ரெஸ்ட் டே, சைக்கிள் மட்டும்தான்" என்று படம் போடுகிறார்கள். இதயத்துக்குச் சைக்கிள் எது, ஓட்டம் எது என்று தெரியாது. அது எவ்வளவு அடித்தது என்பதுதான் அதற்குக் கணக்கு. நந்தி மலைக்குப் போவது அருமையான விஷயம், போக வேண்டும். அதைக் கடின நாளாக எண்ணி வாரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நாள் சைக்கிள் என்றால் முப்பது நாற்பது நிமிடம், சமதளம், பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். கன்டோன்மென்ட் பக்கம் மரநிழலான தெருக்கள் இதற்கு நல்லவை.

நீச்சல் தெரிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தெரியாதவர்கள் மார்பளவு தண்ணீரில் முன்னும் பின்னும் நடந்தாலே போதும். இடுப்பளவு தண்ணீரிலேயே எடை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஓய்வு என்றதும் எனக்கு ரோஜர் பானிஸ்டர் நினைவுக்கு வருவார். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடியவர். அப்போது லண்டனில் மருத்துவ மாணவர். 1954 ஏப்ரலில் அவருடைய பயிற்சி ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கால் மைல் வீதம் பத்து முறை ஓடுவார், ஒவ்வொன்றும் 61 விநாடிக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. கூடப் பயிற்சி செய்த கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிப் போய்ச் சில நாள் மலையேறினார். ஓட்டத்தைத் தொடவில்லை. திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி வந்தது. பந்தயத்துக்கு முந்தைய ஐந்து நாட்களும் ஓடாமல் இருந்தார். மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானத்தில் 3 நிமிடம் 59.4 விநாடி. மலையேற்றத்தை ஓய்வு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வழுக்கினால் கணுக்கால் போய்விடும். ஆனால் முட்டிக்கொண்டு நிற்கும்போது இன்னும் கடினமாக முட்டாமல் விலகிப் போகத் துணிந்தாரே, அந்தத் துணிச்சல் நமக்கும் வேண்டும்.

இதைச் சொன்னால் ரான் ஹில்லைக் காட்டி வாதம் செய்வார்கள். 1970 பாஸ்டன் மாரத்தானை வென்ற பிரிட்டன்காரர். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒருநாளும் விடாமல் ஓடியவர். உண்மைதான். ஒரு மைல் ஓடினாலே அன்றைய கணக்குக்குப் போதும் என்று வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகள் பழகிய கால் வேறு, போன வருடம் ஓட ஆரம்பித்த கால் வேறு. வாட்சில் தினமும் ஒரு கட்டம் நிறைய வேண்டும் என்பதற்காகத் திங்கட்கிழமை இரவு பத்து மணிக்குத் தெருவில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

தசைக்கு வலுவூட்டும் ஸ்ட்ரெங்த் பயிற்சியை எங்கே வைப்பது என்பதில் குழுவுக்குள் எப்போதும் இரண்டு கட்சி. ஓடாத நாளில் செய்தால் நேரம் கிடைக்கும் என்பது ஒரு கட்சி. நான் மற்ற கட்சி. புதன்கிழமை காலை வேகமாக ஓடினால் அன்று மாலையே ஸ்ட்ரெங்தையும் முடித்துவிடுவேன். கடினமானவை எல்லாம் ஒரே நாளில் போய்விட்டால் மற்ற நாள் உண்மையாகவே காலியாகக் கிடைக்கிறது. திங்கட்கிழமை தவிர வேறு நேரமே இல்லை என்கிறவர்கள் எடை தூக்காமல் இருபது நிமிடத்தில் முடிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்: நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது), குதிகால் தூக்குவது. கடைசியாகச் சொன்னதை யாரும் மதிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலைக் கீழே இறக்கி, மெதுவாக மேலே தூக்க வேண்டும். முட்டியை நேராக வைத்து ஒரு சுற்று, சற்று மடக்கி ஒரு சுற்று. மடக்கும்போது கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை போகிறது. ஓட்டத்தில் மிக அதிகச் சுமை தாங்குகிற தசைகளில் அது ஒன்று. ஒற்றைக் காலில் தொடர்ந்து 25 தூக்க முடிகிறதா என்று பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் அநாயாசமாக ஓடுகிறவர்கள்கூடப் பதினைந்திலேயே நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நீட்சிப் பயிற்சியும் யோகாவும் உடம்புக்கு இதமானவை, மூச்சும் மனசும் அடங்கும். அடுத்த நாள் கால் வலியை நீட்சி பெரிதாகக் குறைக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும். உட்காரும்போது பிட்டத்தின் அடியில், எலும்பு பதியும் இடத்தில் வலிக்கிறது என்றால் அது பெரும்பாலும் தொடைப் பின்தசையின் தசைநாண். இறுக்கமாக இருக்கிறதே என்று குனிந்து குனிந்து பச்சிமோத்தாசனம் செய்தால் அது கூடும். அந்த வலி இருப்பவர்கள் முன்பக்கம் மடங்குகிற ஆசனங்களைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள்.

மசாஜ் துப்பாக்கி, ஃபோம் ரோலர் எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கெண்டைக்கால் தசையை உருட்டிவிடச் சப்பாத்திக் கட்டையே போதும், முன்கால் எலும்பின் மேல் மட்டும் உருட்டக் கூடாது. அதைவிட நம் எண்ணெய்க் குளியலுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். நல்லெண்ணெயைச் சுட வைத்து, தொடையிலும் பாதத்திலும் நிதானமாகத் தேய்த்து ஊற வைத்து, வெந்நீரில் குளித்தால் சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வரும். அந்தத் தூக்கம்தான் பெரிய லாபம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று கடினமாக எதுவும் செய்யாதே என்று பாட்டி சொல்வதும் ஓய்வு நாளுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

இங்கே பெண்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் பெண்கள் கூடியிருக்கிறோம், அதனால் இதை நெருக்கமாகப் பார்க்கிறேன். ஓடுகிற நாட்களில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் வீட்டில் மற்றவர்கள் காபி போட்டுக்கொள்கிறார்கள், பிள்ளைகள் தாங்களே கிளம்புகிறார்கள். ஓடாத நாளில் "இன்னைக்கு வீட்லதானே இருக்க" என்று அத்தனை வேலையும் திரும்பி வந்துவிடுகிறது. ஒரு வாரத் துணி, மாவு அரைப்பது, அடுப்படியைக் கழுவுவது என்று காலையில் இரண்டரை மணி நேரம் நின்றபடியே போகிறது. சமையலறையில் வெறுங்காலோடு கடப்பாக்கல் தரையில் நிற்பது பாதத்துக்கு ஓய்வே இல்லை, குதிகால் வலி இருப்பவர்களுக்கு அது இன்னும் மோசம். ஒரு தங்கை என்னிடம், "அக்கா, ஓடுற நாள்லதான் எனக்கு ரெஸ்ட்டே கிடைக்குது" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இதைப் பேசித்தான் சரி செய்தோம். நான் ஓடும் நேரம் என்னுடைய நேரம் என்றால், ஓடாத நாளிலும் அந்த ஒரு மணி நேரம் என்னுடையதுதான் என்று கணவரிடம் உட்கார்ந்து சொன்னேன். திங்கட்கிழமைக் காலைச் சிற்றுண்டி அவர் பொறுப்பு. துணி சனிக்கிழமைக்குப் போய்விட்டது. காய் நறுக்குவதை நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறேன், அடுப்படியில் நிற்கும்போது மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்கிறேன். சமையலறைக்குள் செருப்பா என்று அத்தை முதலில் தயங்கினார். அதற்கென்றே தனி ஜோடி, வெளியே போகாது என்றதும் சரி என்றுவிட்டார். இப்போது அவருக்கும் ஒன்று வாங்கியாயிற்று.

சாப்பாட்டுக்கு வருவோம். இன்றைக்கு ஓடவில்லையே என்று திங்கட்கிழமை தட்டைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். ஞாயிறு ஓட்டத்தில் தசை செலவழித்த மாவுச்சத்து இருப்பு நன்றாகச் சாப்பிட்டாலே திரும்ப நிரம்ப ஒரு நாள் பிடிக்கும். கிழிந்ததைத் தைக்கப் புரதமும் வேண்டும். ஓடுகிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்பது பொதுவான கணக்கு. இட்லி சாம்பாரில் அது வராது. சுண்டல், முட்டை, தயிர், பனீர், மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். எங்களுக்குப் பூர்வீகம் தருமபுரிப் பக்கம், அதனால் திங்கட்கிழமை மதியம் கேழ்வரகுக் களி வழக்கம். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு அவ்வளவு நல்லது. பனிக்காலத்தில் அவரைக்காய் வந்துவிட்டால் பிதுக்கம்பருப்புக் குழம்பும் சேரும். இந்த ஊரும் எங்கள் ஊரும் அந்த ருசியில் ஒன்றுதான்.

சோமவார விரதம் இருப்பவர்களுக்கு இது உண்மையான சிக்கல். ஞாயிறு இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திங்கட்கிழமை பட்டினி கிடந்தால், உடம்பு கட்ட வேண்டிய நாளில் கையில் ஒன்றும் இருக்காது. செவ்வாய் காலை தலை சுற்றும், சில நாள் கழித்து ஜலதோஷம் பிடிக்கும். விரதத்தை விடு என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அது அவரவர் நம்பிக்கை. கார்த்திகை மாதம் மட்டும் லாங் ரன்னைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன். ஞாயிறு முழுக்க நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம், திங்கட்கிழமை விரதம் சுமையாக இருக்காது. பால், பழம், நிலக்கடலை எடுத்துக்கொள்ளும் வழக்கமுள்ள வீடு என்றால் அவற்றை விடாமல் எடுத்துக்கொள்ளலாம்.

தூக்கத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு ஓடக் கிளம்புகிற பலர் இரவு பதினொன்றரைக்குத்தான் படுக்கிறார்கள். வாரத்தில் ஒரு காலையாவது அலாரம் இல்லாமல் எழ வேண்டும் என்றால் அது திங்கட்கிழமைதான். பள்ளி வேன் விடாது என்றால் ஞாயிறு இரவு ஒன்பதரைக்கே விளக்கை அணைத்துவிடுங்கள். எழுந்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பைப் பார்ப்பது நல்ல பழக்கம். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்து உடம்பும் அசதியாக இருந்தால் செவ்வாய்க்கிழமையையும் ஓய்வாக்கிக்கொள்ளலாம்.

ஓய்வு நாளில் வேறொரு வேலையும் இருக்கிறது, வலியை விசாரிப்பது. ஓடிக்கொண்டே இருந்தால் சில வலிகள் சூட்டில் மறைந்துவிடும், ஓடாத நாளில்தான் முகம் காட்டும். தொடை முழுவதும் பரவலாக வலித்து இரண்டு மூன்று நாளில் போனால் அது ஓட்டத்தின் வழக்கமான அசதி. ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிகிற இடத்தில், எலும்பின் மேல் வலித்தால் அது வேறு. குழுவில் ஒரு பெண்ணுக்கு முன்கால் எலும்பில் அப்படி இருந்தது, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தது. எங்கள் குழுவில் மூத்தவரான எச்ஏஎல் (விமானத் தொழிற்சாலை) மாமா விடாமல், "ஏம்மா, நாளைக்கே டாக்டரைப் பாரு. ஐஸ் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காதே" என்று அனுப்பி வைத்தார். எலும்பில் மெல்லிய விரிசல் விழ ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் தெரிந்ததால் சில வாரங்கள் ஓடாமல் இருந்து முழுக்கத் தேறிவிட்டாள். மருத்துவர் அவளுக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார், இரும்புச்சத்தும் வைட்டமின் டியும் குறைவாக இருந்தன. மாதவிடாய் தவறுகிறது, அடிக்கடி அசதி என்றால் பெண்கள் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பந்தய வாரத்தில் மட்டும் நான் திங்கட்கிழமையை மாற்றுவேன். இங்கே நடக்கும் வேர்ல்ட் 10கே என்கிற பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் மாதிரி ஞாயிறு பந்தயம் என்றால் முழு ஓய்வை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டு வந்தால் கால் மரத்துப் போகாமல் இருக்கிறது. பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் பந்தய எண் அட்டை, வாங்கப் போவதையும் கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. சனிக்கிழமை மதியம் போனால் வரிசையில் ஒரு மணி நேரம், கடைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம், படம் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் என்று நின்றே கால் தளர்ந்துவிடும். பிப்பையும் டிஷர்ட்டையும் வாங்கிக்கொண்டு நேராக மெட்ரோ ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள், தயிர் சாதம் சாப்பிட்டுப் படுங்கள்.